கிரீன்லாந்துக் கலியாணத்தின் சாட்சிகள்

1991ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இசபெலின் கணவனுக்கு விசா இல்லை என்று கடிதம் வந்தது. அவள் அதை வாசலில் நின்றபடியே வாசித்தாள். விண்ணப்பதாரர் தங்களுடைய சட்டபூர்வமான கணவர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டாவது பந்தியில் இருந்தது. அதை உறைக்குள் போட்டு, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பஸ் எடுத்து வேலைக்குப் போனாள்.

காலையில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. அன்றைக்கு மீன் பொரியலும் பட்டாணியும். முந்நூறு பிள்ளைகளின் சாப்பாட்டுக் கோப்பைகளில் அளந்து போட்டாள். அழவேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அழுகை வரவில்லை. லண்டனுக்கு வந்த இரண்டாவது வருசம் தாய் செத்த செய்தி வந்தபோதும் இப்படித்தான். தகவல் சொன்னவர் ரெலிபோனில் விம்மி விம்மி அழுதார். இவள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, ஊறப்போட்டிருந்த உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போட்டாள்.

இசபெலுக்கும் அமலதாசுக்கும் 1984 தை மாதம் தீவுப்பகுதியில் ஒரு சின்னக் கத்தோலிக்க ஊரில் கலியாணம் நடந்தது. அமலதாஸ் கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கப்பிள்ளை. இருபது மாதம் ஒன்றாக இருந்தார்கள். பிறகு இசபெல் முதலில் லண்டனுக்கு வருவது, அவன் ஆறு மாதத்தில் பின்னால் வருவது என்று முடிவாகியது. அந்த ஆறு மாதம் ஆறு வருசமாகிவிட்டது. சண்டை வந்தது, பாதை பூட்டியது, 88இல் அவனை இந்தியன் ஆமி பிடித்து எட்டு மாதம் வைத்திருந்தது. கடைசியில் ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தான். கலியாணப் பதிவேடு கோயிலோடு எரிந்துபோயிற்று. அரசாங்கக் கச்சேரியில் இருந்த பிரதியும் இல்லை. ஓலை வாசித்து, மோதிரம் மாற்றி, ஆசீர்வதித்த சுவாமியும் காலமாகிவிட்டார்.

பின்னேரங்களில் இசபெல் மிஸ் ஹார்கிரேவ் வீட்டுக்குப் போவாள். ஸ்ட்ரெதம் கொமனுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு வைத்த பழைய வீடு. மிஸ் ஹார்கிரேவ் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கண் பார்வை அரைவாசிக்கு மேல் போய்விட்டது. அதனால் எழுதவேண்டியதை கசெற்றில் பேசிவைப்பார். இசபெல் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டு ரைப் செய்வாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் நாலு வருசம் ஆங்கில ரைப்பிஸ்டாக இருந்தவள். இங்கே இரண்டு வருசமாக அவள் ரைப் செய்துகொண்டிருந்தது நோர்வேக்காரரின் கதை.

ஆயிரம் வருசத்துக்கு முந்தி, நோர்வேயில் இருந்து ஐஸ்லாந்துக்குப் போய்க் குடியேறினவர்கள், அங்கிருந்து இன்னும் மேற்கே கிரீன்லாந்துக்குப் போனார்கள். திறந்த கப்பல்களில் மாடும் ஆடும் பிள்ளைகளும் வைக்கோலும். அங்கிருந்தும் சிலர் மேற்கே போய் அமெரிக்கக் கரையில் இறங்கி, புல்மண்ணால் வீடு கட்டி, சில வருசத்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நியூபவுண்ட்லாந்தில் அந்த வீடுகளின் அத்திவாரத்தைத் தோண்டினபோது, நூல் நூற்கிற கதிரில் மாட்டும் சின்னக் கல் வில்லை ஒன்று கிடைத்தது. ஆகவே பெண்களும் போயிருக்கிறார்கள் என்று மிஸ் ஹார்கிரேவ் கசெற்றில் சொன்னார். கிரீன்லாந்தில் மட்டும் அவர்கள் நானூறு வருசத்துக்கு மேல் இருந்தார்கள். கல்லுக் கோயில்கள் கட்டினார்கள். பிறகு ஒருவரும் இல்லை.

இசபெல் இதையெல்லாம் நல்ல கதை என்றோ கூடாத கதை என்றோ நினைக்கவில்லை. காதில் விழுந்தது விரலுக்குப் போகும். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பின்னேரம் அவள் பாதி வரியில் ரைப் செய்வதை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மிஸ் ஹார்கிரேவுக்குக் கண்தான் குறைவு. காது கூர்மை.

"என்ன, கசெற் சிக்கிவிட்டதா?" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டார்.

"இல்லை."

"அப்படியென்றால்?"

இசபெல் கடிதத்தை எடுத்துப்போய், அவருக்கு வாசித்துக் காட்டினாள். மிஸ் ஹார்கிரேவ் பதிவேடு எரிந்த கதையையும் அவளிடம் கேட்டறிந்தார். பிறகு, "பதிவேடு எரிந்துவிட்டது. சாமியார் இறந்துவிட்டார். சரி, பார்த்தவர்கள் இருக்கிறார்களா?" என்றார்.

"சிலர் இருக்கிறார்கள். இந்த ஊரிலேயும்."

"பதினோராம் அத்தியாயம் நீங்கள் இன்னும் ரைப் செய்யவில்லை, இல்லையா?" மிஸ் ஹார்கிரேவ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "1406இல் நோர்வேயில் இருந்து ஐஸ்லாந்துக்குப் புறப்பட்ட கப்பலொன்று மூடுபனியில் வழிதவறி, கிரீன்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் நாலு வருசம் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் அங்கே இருந்த ஒரு ஐஸ்லாந்துப் பெண்ணைக் கலியாணம் செய்தான். 1408 செப்டெம்பர், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின மூன்று ஞாயிறும் கோயிலில் அறிவித்தார்கள்."

"ஓலை வாசிப்பது," என்றாள் இசபெல், தமிழில். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். "எங்களுக்கும் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்."

"அதேதான். பிறகு இரண்டு பேரும் ஐஸ்லாந்துக்குப் போனார்கள். அங்கே, நீங்கள் உண்மையாகக் கலியாணம் செய்தவர்களா, யார் பார்த்தது என்று கேள்வி வந்தது. கிரீன்லாந்துக்குத் திரும்பிப்போய்க் கேட்க வழியில்லை. அந்தக் கலியாணத்துக்குப் போயிருந்த ஆட்களைத் தேடிப்பிடித்து, நாங்கள் அங்கே இருந்தோம், கண்ணால் பார்த்தோம், இருவரும் சம்மதம் சொன்னதைக் காதால் கேட்டோம் என்று எழுதி முத்திரை வைத்தார்கள். 1414இல் ஒன்று. பத்து வருசம் கழித்துத் திரும்பவும் ஒன்று. அந்தக் கடதாசிகள் இன்றைக்கும் இருக்கின்றன. கிரீன்லாந்து ஆட்களைப் பற்றி எழுத்தில் இருக்கிற கடைசிச் செய்தி அதுதான், இசபெல். ஒரு கலியாணம் நடந்தது என்பது."

அவர் இசபெலின் பக்கம் திரும்பினார்.

"அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கும் போதுமா என்று ஒரு சொலிசிற்றரைக் கேளுங்கள்."

சொலிசிற்றர் போதும் என்றார். ஆனால் கோயிலுக்குள்ளே நின்று பார்த்தவர்கள் இரண்டு பேராவது சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும், வேறு வேறு குடும்பமாக இருந்தால் நல்லது என்றார்.

முதலாவது ஆள் சுலபமாகக் கிடைத்தார். குலசேகரம் அண்ணை ஸ்ட்ரெதமிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்தார். அந்தக் காலத்தில் ஊரில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். கலியாணத்துக்குப் படம் எடுத்தது அவர்தான். நெகற்றிவ் எல்லாம் ஸ்ரூடியோவோடு போய்விட்டது.

"படம்தான் இல்லைப் பிள்ளை. கண் இருக்குத்தானே," என்று சொல்லி அன்றைக்கே கையெழுத்து வைத்தார். "ரண்டாவது ஆள் ஆர்?"

"றோஸ்மலர்."

"உன்ரை தோழியா நிண்ட பிள்ளையோ? அவ லண்டனிலையோ இருக்கிறா?"

றோஸ்மலர் லண்டனுக்கு வந்து இரண்டு வருசம். எட்மண்டனில் இருக்கிறாள் என்று இசபெலுக்குத் தெரியும். ஒரே வகுப்பில் படித்து, ஒரே பாடகர் குழுவில் பாடினவர்கள். வந்தவள் ஒரு நாளும் ரெலிபோன் எடுக்கவில்லை. இசபெல் இரண்டு கிறிஸ்மஸ் கார்ட் அனுப்பினாள். பதில் இல்லை. அதையும் இசபெல் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாருக்கும் வேலை, ஷிப்ட், அலைச்சல்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எட்மண்டனுக்குப் போனாள். பொரித்த கோழி விற்கிற கடைக்கு மேலே இரண்டு அறை. கதவைத் திறந்த றோஸ்மலர் அவளைக் கண்டு திகைக்கவில்லை. மெலிந்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது.

"வா. சப்பாத்தோடையே வா, பரவாயில்லை."

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். இசபெல் கொண்டுபோன கேக்கை மேசையில் பிரிக்காமல் வைத்தாள். இசபெல் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவனைக் கூப்பிடப் போறாய்."

"ஓம்."

"கலியாணத்தை நான் பாத்தனான். மூண்டு ஞாயிறும் ஓலை வாசிச்சதைக் கேட்டனான். உன்ரை முக்காடு வழுக்க, பின்னாலை பிடிச்சுக்கொண்டு நிண்டதும் நான்தான். அது நடந்த விஷயம். அதை எழுதித் தாறன். ஆனால் ஒண்டைச் சொல்லாமல் கையெழுத்து வைக்க என்னாலை ஏலாது."

"சொல்லு."

"றெஜி போன கதை உனக்குத் தெரியுமோ?"

றெஜி றோஸ்மலரின் தம்பி. பத்தொன்பது வயது. 88இல் சுற்றிவளைப்பில் பிடிபட்டுக் காணாமல் போனான் என்று இசபெலுக்கு ஊரிலிருந்து கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குமேல் தெரியாது.

"ஜூன் பதினாலு," என்றாள் றோஸ்மலர். "விடியப் பள்ளிக்கூட வளவுக்கு எல்லாரையும் வரச்சொன்னவங்கள். ஆம்பிளையளை வரிசையா நடக்கவிட்டவங்கள். ஜீப்பிலை ஒருத்தனை முகத்திலை சாக்குப் போட்டு இருத்தியிருந்தவங்கள். தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை அங்காலை எடுப்பாங்கள். றெஜி போகேக்கை ஆட்டினவன்."

கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுத்தார்கள். றோஸ்மலர் அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்தாள்.

"முகம் தெரியாது. கண்ணுக்கு ரண்டு ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் வெறுங்கால். நாங்கள் பொம்பிளையள் நிலத்திலை இருந்தனாங்கள். எனக்கு முன்னாலைதான் ஜீப் நிண்டது. இடது காலிலை சின்ன விரல் இல்லை."

அமலதாசுக்குப் பதினைந்து வயதில், எஞ்சின் போட்டிலிருந்து குதித்தபோது விசிறி வெட்டி அந்த விரல் போயிற்று. கலியாணம் முடித்த முதல் கிழமை அவன் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறான்.

"வேறை ஆருக்கும் அப்பிடி இருக்கலாம் எண்டு சொல்லு பாப்பம்," என்றாள் றோஸ்மலர்.

இசபெல் சொல்லவில்லை.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாக்கும் சொல்லேல்லை. சொன்னால் அவனை இயக்கத்தாக்கள் உசிரோடை வைச்சிருக்க மாட்டினம். உன்னை நினைச்சுத்தான் சொல்லேல்லை. பிறகு உன்ரை முகத்திலை முழிக்க எனக்கு ஏலாமல் போட்டுது." அவள் கையை நீட்டினாள். "கொண்டா, எங்கை வைக்கவேணும்?"

அடுத்த நாள் இருவரும் சத்தியம் எடுக்கிற கமிஷனர் ஒருவரிடம் போனார்கள்; றோஸ்மலர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் பிரிந்தார்கள். இசபெல் நன்றி சொன்னாள். றோஸ்மலர் தலையாட்டினாள்.

தனக்குக் கோபம் வரும் என்று இசபெல் காத்திருந்தாள். செவ்வாய், வியாழன், சனி என்று நாட்கள் போயின. மீன் பொரியல் போட்டாள். பதினோராம் அத்தியாயத்தை ரைப் செய்தாள். அதில் ஓரிடத்தில், கலியாணத்துக்கு முந்தின வருசம் அதே கிரீன்லாந்தில் ஒருவனைச் சூனியக்காரன் என்று தீர்ப்புச் சொல்லி எரித்தார்கள் என்று வந்தது. இன்னொருவன் பெண்சாதியை மந்திரத்தால் மயக்கினான் என்பது குற்றச்சாட்டு. இசபெல் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

"மிஸ் ஹார்கிரேவ், அவனை எரிக்கும்போது நின்று பார்த்தவர்களும் கலியாணத்துக்கு வந்திருப்பார்களா?"

"கட்டாயம் சிலர் வந்திருப்பார்கள். சின்ன இடம்தானே. ஏன் கேட்கிறீர்கள்?"

"சும்மா."

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, கொழும்பில் பின்னேரம், கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தாள். அமலதாஸ் ஓடிவந்து எடுத்தான். மூச்சு வாங்கியது.

"என்ன, ஏதும் வந்ததோ?"

"இல்லை. றோஸ்மலரைக் கண்டனான். சைன் வைச்சுத் தந்தவள்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"கேக்குதோ?" என்றாள்.

"கேக்குது." பிறகு, "என்ன சொன்னவள்?"

"காலைக் கண்டவளாம்."

அவன் சொல்லத் தொடங்கினான். குரல் தணிந்திருந்தது.

"பத்து நாள் வைச்சு அடிச்சவங்கள், இசபெல். ஆரையாவது காட்டு, காட்டினால் விடுவம் எண்டவங்கள். தெரியாத ஆக்களாப் பாத்துக் காட்டலாம் எண்டு நினைச்சுத்தான் ஏறினனான். எல்லாரையும் தெரியும். சின்ன ஊர். ஒருத்தனும் தெரியாத ஆள் இல்லை. அம்பது அறுபது பேர் கடந்து போயிட்டினம். நான் ஆட்டேல்லை. பின்னாலை நிண்டவன் துவக்காலை முதுகிலை குத்தினவன். அப்பத்தான் றெஜி வந்தவன். அவன் ஒரு இயக்கத்திலையும் இல்லை. எனக்குத் தெரியும்." அவன் நிறுத்தினான். "நீ கூப்பிடாட்டில் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இசபெல் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். பாண்."

"சரி. அடுத்த ஞாயிறு எடுக்கிறன்."

இரண்டு சத்தியக்கடதாசிகளும் மூன்று கிழமை மேசை லாச்சிக்குள் கிடந்தன. மிஸ் ஹார்கிரேவ் ஒருநாள், "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டார். இசபெல் இல்லை என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ இசபெல் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைய சாப்பாட்டு விபரம் சொல்வதுபோல ஒரே குரலில் சொல்லி முடித்தாள். மிஸ் ஹார்கிரேவின் கை கதிரைப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, இசபெல்," என்றார் கடைசியில்.

"அந்த இரண்டு பேரும் ஐஸ்லாந்தில் பிறகு எப்படி இருந்தார்கள்?"

"வடக்கே பெண்ணின் காணியில் இருந்தார்கள். அவன் சட்டம் பேசுகிற பெரிய பதவிக்கு வந்தான். ஒரு மகள். அவ்வளவுதான் தெரியும்."

"சந்தோசமாக இருந்தார்களா?"

"அதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை."

அடுத்த நாள் மத்தியானம், கன்ரீன் கழுவி முடிந்த பிறகு, இசபெல் தபால்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று பின்னாளில் அவளால் சொல்ல முடியவில்லை. அவன் வரவேண்டும் என்ற ஆசை பெரிதாக இருக்கவில்லை. வரக்கூடாது என்ற கோபமும் வரவில்லை. கலியாணம் நடந்தது உண்மை. அதை இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதியிருந்தார்கள்.

பதில் வர ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது. 1993 மாசி மாதம் அமலதாஸ் ஹீத்ரோவில் வந்து இறங்கினான். அவளுக்கு அவனை உடனே அடையாளம் தெரிந்தது. அவன்தான் இரண்டு தரம் அவளைக் கடந்து பார்த்துவிட்டு, மூன்றாம் தரம்தான் கண்டுபிடித்தான். வாங்கி வைத்திருந்த குளிர்கோட்டைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டான். கை நீளம் போதவில்லை. ட்ரெயினில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தார்கள். எவ்வளவு நேரப் பயணம், எங்கே மாறவேண்டும் என்று பேசினார்கள்.

ஒரே அறையில் இருந்தார்கள். அவன் அதிகாலையில் எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருப்பான். அவள் எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொடுப்பாள். சண்டை பிடிக்கவில்லை. றெஜி என்ற பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் நித்திரையில்கூட ஒருவர்மேல் ஒருவர் கை படாமல் படுக்கப் பழகிவிட்டார்கள்.

பங்குனியில் மிஸ் ஹார்கிரேவ் வீட்டுப் பின்வேலி காற்றில் விழுந்துவிட்டது. அமலதாஸ் ஆணி அடித்துக் கொடுக்க வந்தான். வேலை முடிந்து கை கழுவ வந்தவன், அறைச் சுவரில் இருந்த பெரிய வரைபடத்துக்கு முன்னால் நின்றான். நோர்வேயில் இருந்து ஐஸ்லாந்து, அங்கிருந்து கிரீன்லாந்து, அங்கிருந்து அமெரிக்கா என்று சிவப்புக் கோடு போட்டிருந்தது. இது என்ன பாதை என்று இசபெலைக் கேட்டான். அவள் சொன்னாள். மிஸ் ஹார்கிரேவ், "கடல் தெரிந்த ஆள், அல்லவா? அவருக்குச் சொல்லுங்கள்," என்றார். "முதல்முதலாக ஐஸ்லாந்தில் இருந்து கிரீன்லாந்தில் குடியேறப் போனபோது இருபத்தைந்து கப்பல் புறப்பட்டதாம். பதினாலுதான் போய்ச் சேர்ந்தது."

இசபெல் தமிழில் சொன்னாள்.

"மிச்சம் பதினொண்டு?"

"சிலது திரும்பிவிட்டதாம். சிலது கடலுக்குள்ளை தாண்டுபோச்சாம்."

"எது திரும்பினது, எது தாண்டது எண்டு எழுதியிருக்கோ?"

இசபெல் கேட்டாள். மிஸ் ஹார்கிரேவ் இல்லை என்று தலையசைத்தார். "கரையில் நின்றவர்கள் கடைசிவரை தெரியாமலே இருந்திருப்பார்கள். அடுத்த வருசமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்."

இதையும் இசபெல் சொன்னாள். அமலதாஸ் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சொன்னான்:

"றோஸ்மலரிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போ."

"ஏன்?"

"நான் பிறகும் அவனைக் கண்டனான். அவைக்குத் தெரியாது."

இசபெல் றோஸ்மலருக்கு ரெலிபோன் எடுத்தாள். றோஸ்மலர் "ஞாயிறு மூண்டு மணி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

றோஸ்மலர் தன் அறையில் மூன்று கதிரைகள் போட்டிருந்தாள். தேத்தண்ணி கொடுக்கவில்லை. அமலதாஸ் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"நான்தான்," என்றான்.

"தெரியும். அதைச் சொல்லவோ வந்தனீங்கள்?"

"இல்லை. பதினேழாந் திகதி விடிய அவனைக் கண்டனான். அதைச் சொல்ல வந்தனான்."

றோஸ்மலர் எழும்பிவிட்டாள். பிறகு மெதுவாகத் திரும்ப இருந்தாள்.

"உசிரோடையோ?"

"உசிரோடை. என்னையும் அவங்கள் விடேல்லை. அதே கட்டடத்திலைதான் வைச்சிருந்தவங்கள். பின்பக்கத்து விறாந்தையிலை அஞ்சு பேரை இருத்தியிருந்தவங்கள். கக்கூசுக்குக் கொண்டு போகேக்கை கண்டனான். முகம் வீங்கியிருந்தது. வேறை ஆற்றையோ சாரம் கட்டியிருந்தவன். தண்ணி கேட்டவன். என்ரை கையிலை தகரப் பேணி இருந்தது. குடுத்தனான்."

"குடிச்சவனோ?"

"குடிச்சவன்."

"உங்களை அடையாளம் தெரிஞ்சதோ அவனுக்கு?"

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

அமலதாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"'அண்ணை' எண்டவன். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ட்ரக் ஒண்டிலை அஞ்சு பேரையும் ஏத்தினவங்கள். பெரிய காம்புக்குப் போற பாதையாலை போகேல்லை. கடற்கரைப் பாதையாலை போனது. திரும்பி வரேக்கை வெறும் ட்ரக். அரை மணித்தியாலம் இருக்கும்."

றோஸ்மலர் கேள்விகள் கேட்டாள். சாரம் என்ன நிறம். காலில் செருப்பு இருந்ததா. கை கட்டியிருந்ததா. மற்ற நாலு பேர் ஆர். அவன் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். நீதிமன்றத்தில் சாட்சி எடுப்பதுபோல அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடிந்ததும், "சரி, போங்கோ," என்றாள். இசபெலையும் பார்க்கவில்லை.

வெளியில் வந்து படியில் இறங்கும்போது அமலதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இசபெல் அவனுக்கு இரண்டு படி கீழே நின்றாள். மேலே, பூட்டிய கதவுக்கு உள்ளே, றோஸ்மலர் அழுகிற சத்தம் கேட்டது. ஐந்து வருசத்துக்குப் பிறகு தம்பிக்காக அழுகிறாள் என்று இசபெல் நினைத்தாள். அந்த நினைப்பு வந்தபோது கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினாள். குளிரால் என்று முதலில் எண்ணினாள். ஆனால் அது சித்திரை மாதம். குளிர் இல்லை.

மே மாதக் கடைசியில் றோஸ்மலரிடமிருந்து ஒரு கார்ட் வந்தது. ஜூன் பதினேழு, வியாழக்கிழமை, பின்னேரம் ஆறு மணிக்கு எட்மண்டன் கோயிலில் றெஜினோல்டின் ஆத்துமசாந்திக்குப் பூசை. இசபெலின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. ஐந்து வருசமாக அந்தக் குடும்பம் ஒரு பூசையும் ஒப்புக்கொடுக்கவில்லை. செத்த நாள் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று தாய் சொல்லுவாளாம்.

அமலதாஸ் அவளோடு வந்தான். கோயில் வாசலில், "நீ போ. நான் இஞ்சை நிக்கிறன்," என்றான். வெயில் நன்றாக இருந்தது. அவன் ரோட்டோரத்து மதிலோடு நின்றான்.

உள்ளே பதினைந்து பேர்தான். றெஜினோல்ட் என்று பாதர் இங்கிலீசு நாக்கால் பெயரைச் சொன்னபோது, இசபெல் மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து நீர் கன்னத்தால் இறங்கி, கையில் வைத்திருந்த பாட்டுத் தாளில் விழுந்தது. றெஜிக்காகவா, தன் தாய்க்காகவா, வெளியே நிற்கிறவனுக்காகவா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. துடைக்காமல் நின்றாள். பூசை முடிவதற்குள் அது நின்றுவிட்டது. திரும்பவும் முன்னைப்போல் ஆகிவிட்டாள், கிட்டத்தட்ட.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். றோஸ்மலர் கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்து அனுப்பினாள். கடைசியாக இசபெலின் கையைப் பிடித்தாள். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தாள். மதிலோடு நின்ற அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

றோஸ்மலர் அவனுக்குக் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, கேட்கக்கூடிய குரலில் சொன்னாள்:

"அடுத்த வருசமும் இதே திகதிதான். வாறதெண்டால் உள்ளுக்கு வந்து இருங்கோ. ரோட்டிலை நிக்கவேண்டாம்."

சொல்லிவிட்டு, மெழுகுதிரிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.